மலை ஏறத் திணறும் ஜீப்புக்கு டர்போ மாட்டலாமா?

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தாண்டிக்குடி மலையில் மூன்றரை ஏக்கர் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். காபி, மிளகு, ஊடே மலைவாழை. வீட்டில் ஒரே வண்டிதான். இருபது வருடத்துக்கு முந்தைய டீசல் ஜீப், 2,500 சி.சி. இன்ஜின், டர்போ இல்லாதது. வாழைத்தார் வத்தலக்குண்டுக்கு இறங்குவதும், தொழுவுரமும் ரேஷன் அரிசியும் மேலே ஏறுவதும், ராத்திரியில் யாருக்காவது நெஞ்சுவலி என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதில்தான். மகளுக்குத் தை மாதம் பேறுகாலம்.

ஐந்தாறு வருடத்துக்கு முன்புவரை இரண்டாவது கியரில் ஏறிய வளைவுகளில் இப்போது முதல் கியர் போட்டும் வண்டி கரும்புகை தள்ளிக்கொண்டு திணறுகிறதாம். ஐ.டி.ஐ-யில் டீசல் மெக்கானிக் படித்த மகன், பிக்கப் வேனிலிருந்து கழற்றிய பழைய டர்போ ஒன்றைக் காயலான் கடையில் வாங்கி வந்துவிட்டார். “வீட்டிலேயே மாட்டிவிடலாம், இருபது குதிரைசக்தி கூடும் என்கிறான். நம்பலாமா? வண்டி போனால் எங்களுக்கு வேறு வழி இல்லை” என்று முடிகிறது கடிதம்.

மகன் சொல்வதில் பாதி சரி. அந்தச் சரியான பாதியை முதலில் பார்த்துவிடலாம்.

இன்ஜினுக்குள் டீசல் எரியக் காற்று வேண்டும். மலை மேலே போகப் போகக் காற்று இளைத்துவிடுகிறது. டர்போ இல்லாத இன்ஜின், 1,000 அடி உயரத்துக்கு ஏறக்குறைய 3 சதவிகிதம் இழுவையை இழக்கும் என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கணக்கு. 4,000 அடிக்கு மேலே என்றால் எட்டில் ஒரு பங்கு போய்விடும். சமவெளியில் 60 குதிரைசக்தி தரும் இன்ஜின் அங்கே 53 தரும். பம்ப் ஊற்றும் டீசலின் அளவு மட்டும் குறைவதில்லை. காற்று பற்றாமல் எரியாத டீசல்தான் கரும்புகையாக வெளியே வருகிறது.

இதற்கு மருந்து டர்போ என்பது நூறு வருடத்துக்கு முன்பே நிரூபணமான விஷயம். சைலன்சருக்குப் போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். இதற்கு 1905-ல் காப்புரிமை வாங்கியவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி. மலைக்கும் டர்போவுக்கும் உள்ள உறவைக் கண்ணுக்கு முன் காட்டியவர் அமெரிக்காவின் சான்ஃபோர்டு மாஸ். முதல் உலகப்போர் நேரம். விமானம் மேலே போனதும் இன்ஜின் சோர்ந்துவிடுகிறது. அதைத் தரையிலேயே சோதிக்க, 1918-ல் லிபர்ட்டி என்ற விமான இன்ஜினை லாரியில் ஏற்றி, கொலராடோவில் 14,000 அடிக்கு மேல் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே கொண்டுபோனார். கீழே 350 குதிரைசக்தி தந்த இன்ஜின் உச்சியில் 230-தான் தந்தது. டர்போவை இணைத்ததும் 356. மலை எடுத்துக்கொண்டதை டர்போ அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டது.

ஆனால், தாண்டிக்குடி ஜீப்பின் கதை வேறு. ஐந்தாறு வருடத்துக்கு முன்பு அதே வளைவில் அதே வண்டி இரண்டாவது கியரில் ஏறியது என்று வாசகரே எழுதியிருக்கிறார். இடையில் மலை வளர்ந்துவிடவில்லை. உயரத்தால் போகும் அந்த ஏழு குதிரைசக்தி அன்றைக்கும் போய்க்கொண்டுதான் இருந்தது. இப்போது புதிதாகப் போயிருப்பது வேறு எங்கோ இருந்து. அது எங்கே என்று தெரியாமல் டர்போ மாட்டுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வேகமாக ஊற்றுவது போலத்தான்.

கரும்புகை, இழுவைக் குறைவு என்ற இரண்டுக்கும் சாதாரணக் காரணங்கள் பல உண்டு. காற்று வடிகட்டி அடைத்திருக்கும். நாசில் தேய்ந்து, டீசலைப் பனிபோலத் தூவாமல் சொட்டாக ஒழுகவிடும். டேப்பட் இடைவெளி மாறியிருக்கும். டீசல் பம்பின் டைமிங் நகர்ந்திருக்கும். கிளட்ச் தேய்ந்திருந்தால் இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. பிரேக் லைனிங் ஒட்டிக்கொண்டிருந்தால் நான்கு சக்கரத்தையும் பிடித்து இழுத்துக்கொண்டே மலை ஏறுவதற்குச் சமம். வண்டி ஓடி நின்றதும் ஒவ்வொரு சக்கரத்தின் டிரம் அருகிலும் கை வைத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். ஒன்று மட்டும் கொதித்தால் அதுதான் பிடிக்கிறது. பார்க்காமல் தொட்டுக் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம். அருகில் கொண்டுபோனாலே சூடு தெரியும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், கடைசியில் பார்க்க வேண்டியது இன்ஜினின் தேய்மானம். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், குபுகுபுவென்று புகை அடிக்கிறதா? பட்டறையில் இதை ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். ரிங்கும் போரும் தேய்ந்து, மேலே இருக்க வேண்டிய அழுத்தம் கீழே கசிகிறது என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் நாசிலைக் கழற்றி அந்த இடத்தில் கம்ப்ரஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரையும் அளக்கலாம். அளவு என்ன வருகிறது என்பதைவிட, நான்குக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதே முக்கியம். பத்து, பதினைந்து சதவிகிதத்துக்கு மேல் ஒன்று குறைந்தால் அந்தச் சிலிண்டரில் கோளாறு. இந்தச் சோதனையைக் கீழே இறங்கிச் செய்வது நல்லது. மலை மேலே காற்று இளைத்திருப்பதால் அளவே குறைத்துக் காட்டும்.

இனி, இன்ஜின் நல்ல நிலையில்தான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது டர்போ மாட்டினால் என்ன ஆகும்?

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. டர்போ தருவது காற்றை மட்டும். சக்தி டீசலில் இருக்கிறது. காற்று கூடியதும், பம்பில் சீல் வைத்திருக்கும் ஸ்குரூவைத் திருப்பி டீசலைக் கூட்டினால்தான் அந்த ‘இருபது குதிரைசக்தி’ வரும். டீசல் கூடினால் சூடும் கூடும். பிஸ்டன் அலுமினியக் கலவை. சுத்த அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். பாரத்தோடு மலை ஏறும்போது சைலன்சருக்குப் போகும் புகையின் சூடு 700 டிகிரியைத் தொடும். பிஸ்டன் உருகாமல் இருப்பதற்குக் காரணம், அந்தச் சூடு ரிங் வழியாகச் சிலிண்டர் சுவருக்கும் தண்ணீருக்கும், அடியில் தெறிக்கும் ஆயிலுக்கும் கடந்து போய்க்கொண்டே இருப்பதுதான். போகிற வேகத்தைவிட வருகிற வேகம் கூடினால், ஏற்றத்தின் நடுவில் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

‘அதே இன்ஜின் டர்போவோடும் வருகிறதே’ என்று மகன் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், கம்பெனியிலிருந்து டர்போவோடு வரும் இன்ஜின் வெளியே பார்க்கத்தான் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே பல இன்ஜின்களில், பிஸ்டனின் அடிப்பாகத்தில் ஆயிலைப் பீய்ச்சியடிக்கும் சிறு ஜெட் இருக்கும். கம்ப்ரஷன் விகிதம் குறைத்திருப்பார்கள். ரிங், வால்வு, ஹெட் கேஸ்கட், ரேடியேட்டர், ஆயில் கூலர், கிளட்ச் என்று ஒவ்வொன்றையும் அந்தச் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப மாற்றியிருப்பார்கள். காயலான் கடையில் வாங்கியது டர்போவை மட்டும். அதோடு சேர்ந்த மற்ற உறுப்புகள் எல்லாம் அந்தப் பழைய வேனிலேயே தங்கிவிட்டன.

வாங்கி வந்த டர்போவும் எந்த நிலையில் இருக்கிறதோ! இந்தச் சாமான் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம். நடுத்தண்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் லேசாக ஆடும். ஆயில் இல்லாமல் காய்ந்து கிடக்கும் புஷ் பேரிங்கில் அது இயல்பு. முன்னும் பின்னும் தள்ளி இழுத்தால் கைக்குத் தெரியும்படி ஆடக் கூடாது. சக்கரத்தின் இறக்கைகள் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ, நுனியில் சிறு வெட்டு இருந்தாலோ அந்த டர்போ அலமாரியில் அழகு பார்க்கத்தான் ஆகும்.

மாட்டும் வேலையில் அதிகம் கோட்டை விடுவது ஆயில் பைப்பில்தான். உள்ளே வரும் பைப்பில் தப்பு செய்பவர்கள் குறைவு. ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையில் ஒரு ‘டி’ போட்டு எடுத்துவிடுவார்கள். அது ஸ்டீல் பைப்பாக இருக்க வேண்டும்; பக்கத்திலேயே மேனிஃபோல்டு தணலாக இருக்கும்போது ரப்பர் ஹோஸ் போட்டால் தீப்பிடிக்கும். வெளியே போகும் பைப்பில்தான் சிக்கல். டர்போவை விட்டு இறங்கும் ஆயில் நுரைத்துப் போய், அழுத்தமே இல்லாமல், தன் எடையால் மட்டும் ஒழுகி இறங்கும். அதனால் அந்தப் பைப் விரல் பருமனுக்கு மேல் அகலமாக, எந்த இடத்திலும் மேலே எழும்பாமல் இறக்கமாகவே போய், ஆயில் சம்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். நம் வயலில் வடிகால் வாய்க்கால் எடுப்பது போலத்தான். வடிகால் மேடாக இருந்தால் தண்ணீர் வயலிலேயே தேங்கும். இங்கே ஆயில் டர்போவுக்குள் தேங்கி, சீலைத் தாண்டிக் காற்றுக் குழாய்க்குள் இறங்கும். நீலப்புகை வந்ததும் ‘டர்போ மட்டமான சரக்கு’ என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்.

சம்பில் துளை போட்டு வெல்டு வைக்க வேண்டுமானால் அதைக் கழற்றிச் சுத்தமாகக் கழுவிய பிறகே செய்ய வேண்டும். ஒரே ஒரு இரும்புத் துகள் உள்ளே தங்கினாலும் பேரிங் போய்விடும். மேனிஃபோல்டை லேத் பட்டறையில் மெல்லிய குழாயை வளைத்து வெல்டு வைத்துச் செய்தால், டர்போவின் எடையும் சூடும் சேர்ந்து விரைவில் விரிசல் விடவைக்கும்.

ஆயில் காற்றுக் குழாய்க்குள் இறங்குவது வெறும் புகைப் பிரச்னை அல்ல. டீசல் இன்ஜின் ஆயிலையும் எரித்து ஓடும். சீல் போன டர்போ ஆயிலை ஊற்றிக்கொண்டே இருந்தால், இன்ஜின் தன் ஆயிலைத் தானே குடித்துக்கொண்டு வேகம் ஏறிக்கொண்டே போகும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. டீசலை நிறுத்தினாலும் நிற்காது. பழைய டர்போ வண்டி, டிராக்டர், ஜெனரேட்டர் வைத்திருக்கும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம் இது. வண்டி ஓடிக்கொண்டிருந்தால், பெரிய கியரில் வைத்து, பிரேக்கை முழுவதும் அழுத்தி, கிளட்சை விட்டு இன்ஜினை அமுக்கி நிறுத்த வேண்டும். நின்ற இடத்தில் நடந்தால், காற்று உறிஞ்சும் வாயைத் தடித்த பலகையால் மூட வேண்டும். கையை வைக்கவே கூடாது. துணி, சாக்கு எல்லாம் உள்ளே இழுபட்டுவிடும். பக்கத்தில் போக முடியாத அளவுக்கு வேகம் ஏறிவிட்டால் இன்ஜின் போனால் போகிறது என்று ஆட்களை விலக்கிவிட வேண்டும். உடைந்து தெறிக்கும் இரும்புக்குக் குறுக்கே நிற்கும் அளவுக்கு எந்த வண்டியும் விலை உயர்ந்தது அல்ல.

சூட்டைக் கட்டுப்படுத்தி டர்போவை மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதைக் கவனித்தால், மூன்று விஷயம் பொதுவாக இருக்கும். அழுத்தத்தை 6, 7 பி.எஸ்.ஐ-க்கு மேல் விடமாட்டார்கள். அதற்கு மேலே போனால் உபரிப் புகையைத் திறந்துவிடும் வேஸ்ட்கேட் கதவை ஒருபோதும் அடைக்கமாட்டார்கள். டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டிலேயே புகையின் சூட்டை அளக்கும் மீட்டர் ஒன்றை வைத்து, 700 டிகிரியை நெருங்கும்போதே ஆக்சிலரேட்டரைத் தளர்த்துவார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, டீசல் ஸ்குரூவைத் தொடமாட்டார்கள். டீசலைக் கூட்டாமல் காற்றை மட்டும் கூட்டினால், வீணாகப் போன டீசலும் எரிந்து கரும்புகை குறையும், சூடும் சற்று இறங்கும், மலை தின்ற இழுவையில் ஒரு பங்கு திரும்பும். இருபது குதிரைசக்தி வராது. ஆனால், இன்ஜின் பிழைத்திருக்கும். 6, 7 பி.எஸ்.ஐ-க்கே, 35 டிகிரியில் உள்ளே போகும் காற்று அமுக்கப்பட்டு 90 டிகிரி அளவுக்குச் சூடாகித்தான் வெளியே வரும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் இன்டர்கூலர் வேண்டும், பிறகு ரேடியேட்டர் போதாது, பிறகு கிளட்ச் வழுக்கும். செலவு வால் பிடித்துக்கொண்டே வரும்.

இதில் வாசகரின் கடிதத்திலேயே இருக்கும் இன்னொரு விஷயமும் உண்டு. “டர்போ போட்டால் இன்னும் பத்துத் தார் கூட ஏற்றலாம்” என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். வாழைத்தார் போவது கீழ்நோக்கி. முழுப் பாரம் மலை இறங்கும்போதுதான் இருக்கிறது. இறங்கும் வண்டிக்கு டர்போவால் ஒரு பைசா உபயோகம் இல்லை. அங்கே வேண்டியது பிரேக். பழைய ஜீப்பின் டிரம் பிரேக் தொடர்ந்து மிதித்தால் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலைக்கு வந்துவிடும். பத்துத் தாரைக் கூட ஏற்றிய நாளில் கொண்டை ஊசி வளைவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும் என்ற பழைய டிரைவர்களின் கணக்கு இன்றைக்கும் மாறவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, தயாரித்த கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்திவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182-ஏ பிரிவு மாற்றி எழுதப்பட்டது; அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கேஸ், பேட்டரி போன்ற வேறு எரிபொருளுக்கு மாற்ற, அங்கீகாரம் பெற்ற கிட் இருந்தால் வழி உண்டு. வீட்டில் மாட்டும் டர்போவுக்கு அந்த வழி இல்லை. அபராதம்கூடப் பெரிதல்ல. விபத்து நடந்துவிட்டால், ‘வண்டியை மாற்றியிருக்கிறீர்கள்’ என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க அது ஒரு காரணமாகிவிடும். ஆள் ஏற்றிப் போகும் வண்டியில் அந்தக் கடன் குடும்பத்தின் தலையில் விழும்.

ஆகவே, இந்த ஜீப்புக்கு டர்போ வேண்டாம். அந்தப் பணம் போக வேண்டிய வரிசை வேறு. முதலில் பிரேக். பிறகு காற்று வடிகட்டி, டீசல் வடிகட்டி, டேப்பட். பிறகு நான்கு நாசிலையும் கழற்றிச் சோதனை மேடையில் வைத்துப் பார்ப்பது. பிறகு கம்ப்ரஷன். நான்கு சக்கர இழுவை உள்ள ஜீப்பாக இருந்தால், தோட்டத்துக்குள் மண் பாதையில் லோ கியர் பெட்டியைப் போட்டு ஏறலாம். காய்ந்த தார் ரோட்டு வளைவில் அதைப் போட்டால் டயரும் ஆக்ஸிலும் ஒன்றையொன்று முறுக்கும். இன்ஜின் அடியோடு முடிந்துவிட்டது என்று தெரிந்தால், அதே ரக இன்ஜினையே மாற்றலாம். அதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் புது இன்ஜின் எண்ணை ஏற்ற வேண்டும். விற்பவரிடம் பில்லும், அந்த இன்ஜின் திருட்டு வண்டியுடையது அல்ல என்பதற்கான காகிதமும் வாங்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

மகனின் ஆர்வத்தைக் கெடுக்கவும் வேண்டாம். டர்போ வேலை கற்றுக்கொள்ள ஆசை இருந்தால், ஓடாமல் கிடக்கும் பழைய இன்ஜின் ஒன்றைத் தளத்தில் போல்ட் போட்டு நிறுத்தி அதில் செய்து பார்க்கட்டும். இன்று மலையில் ஓடும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை டர்போ வண்டிகள். அவற்றைச் சரியாகக் கழற்றி மாட்டத் தெரிந்த கைக்கு வேலை இருக்கிறது.

இந்தப் பதிலை இதழ் அச்சுக்குப் போகும் முன்பே வாசகருக்குத் தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது. ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து தகவல் வந்தது. ஜீப்பை வத்தலக்குண்டுக்கு இறக்கி அளந்திருக்கிறார்கள். மூன்று சிலிண்டரில் 370, 380 பி.எஸ்.ஐ. என்று வந்திருக்கிறது. மூன்றாவது சிலிண்டரில் 270. ஹெட்டைக் கழற்றி பிஸ்டனை எடுத்தால், மேல் ரிங் இரண்டு துண்டு. அந்த நிலையில் டர்போ ஏறியிருந்தால் அந்தச் சிலிண்டர் தை மாதம் வரை தாங்கியிருக்காது. பிஸ்டன், ரிங், லைனர் மாற்றும் வேலையை மகனே ஒரு மூத்த மெக்கானிக்கின் கூட இருந்து செய்கிறாராம். டர்போ, சாக்கில் சுற்றி காபிக் கொட்டை வைக்கும் அறையில் இருக்கிறது.

*

ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றும் பிக்கப் வேன் வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: கம்பெனி டர்போ ஒரு வருடத்தில் இரண்டு முறை போய்விட்டது. என்ன காரணம்?

இரண்டாவது முறை போனது முதல் முறையின் மிச்சமாக இருக்கலாம். டர்போ போனால், டர்போவை மட்டும் மாற்றிவிட்டுப் பில் போடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஆயில் வரும் மெல்லிய பைப்புக்குள் கரி படிந்து அடைத்திருந்தால், புது டர்போவும் ஆயில் கிடைக்காமல் அதே வழியில் போகும். டர்போ மாற்றும்போது அந்தப் பைப்பையும் மாற்ற வேண்டும். வடிகால் பைப்பைக் கழற்றி ஊதிப் பார்க்க வேண்டும். ஆயிலும் ஆயில் ஃபில்டரும் புதிதாக இருக்க வேண்டும். காற்றுக் குழாய்க்குள் பழைய டர்போவின் உடைந்த துண்டு கிடக்கிறதா என்று கைவிட்டுத் துடைத்துப் பார்ப்பதும் அவசியம். புதிதாக மாட்டியதும் ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஆயில் நுழையும் துளையில் கொஞ்சம் ஆயில் ஊற்றித் தண்டைக் கையால் சுற்றிவிட வேண்டும்.

கரி ஏன் படிகிறது? பாரத்தோடு ஓட்டி வந்து சந்தை வாசலில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடுவதால். ஆயில் ஓட்டம் நின்றுவிடும், டர்போவின் சூடு நிற்காது. உள்ளே தங்கிய ஆயில் வறுபட்டுக் கரியாகும். கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வருவதும், நின்ற பிறகு இரண்டு மூன்று நிமிடம் இன்ஜினை ஐடிலில் விடுவதும் போதும். காலையில் ஸ்டார்ட் செய்த உடனே உறுமவிடுவதும் கூடாது. ஆயில் டர்போ வரை போய்ச் சேரச் சில விநாடி ஆகும்.

*

பெரம்பலூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: பழைய டிராக்டரில் டர்போ மாட்டினால் உழவில் இழுவை கூடுமா? பக்கத்து ஊரில் ஒருவர் மாட்டியிருக்கிறார்.

பெரம்பலூர் சமவெளியில் காற்று இளைக்கும் பிரச்னையே இல்லை. டீசலைக் கூட்டினால்தான் சக்தி கூடும். கூடிய சக்தி கியர் பெட்டியையும் பின் ஆக்ஸிலையும்தான் முறுக்கும். உழவில் பல நேரம் இன்ஜின் தோற்பதில்லை, சக்கரம்தான் மண்ணில் வழுக்கித் தோற்கிறது. வழுக்கும் சக்கரத்துக்கு இன்னும் சக்தி கொடுத்தால் இன்னும் வேகமாக வழுக்கும். டிரெய்லர் இழுக்கும்போது முன்சக்கரம் தூக்கும் ஆபத்து வேறு இருக்கிறது.

முதலில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு அதே வயலில் ஓட்டி, சக்கரம் 10 சுற்று சுற்றும் தூரத்துக்கு இரண்டு குச்சி நடுங்கள். பிறகு கலப்பையை இறக்கி உழுதபடி அதே தூரத்தைக் கடக்க எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணுங்கள். 11, 11½ என்றால் பரவாயில்லை. 13-ஐத் தொட்டால், கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவான டீசல் சக்கரத்தை வீணாகச் சுற்றவே போகிறது. டயரின் பட்டன் தேய்ந்திருக்கிறதா, காற்று அளவுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். பின் டயரில் தண்ணீர் நிரப்பியோ, சக்கரத்தில் எடைக்கட்டி மாட்டியோ மறுபடி அதே இரண்டு குச்சிக்கு நடுவில் ஓட்டி எண்ணுங்கள். உழவு முடிந்து ரோட்டு வேலைக்குப் போகும்போது கூடுதல் எடையைக் கழற்றிவிடலாம்.